கிண்ணத்து மீனும் மார்கழிக் குளிரும்

மார்கழித் திங்களில் கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம் முதலிய கடற்கரை ஊர்களில் பின்னிரவுக் காற்றின் வெப்பநிலை 20 பாகை செல்சியசை ஒட்டி இறங்கும். உதகையில் வாழ்வோர் இதனைக் குளிர் என்றே ஒப்பமாட்டார். ஆயினும், வீட்டில் கண்ணாடிக் கிண்ணத்தில் வளரும் மீன்கள் சோர்ந்து மடிவது இந்நாட்களில்தான். குளிர் கொன்றுவிட்டது என்று நாம் சொல்லிவிடுகின்றோம். கொன்றது குளிரன்று, கிண்ணமே என்பது என் கருத்து.

மீனுக்கு நம்மைப்போல் தனக்கென உடற்சூடு இல்லை. நீரின் சூடே அதன் உடலின் சூடு. கடல்நீர் பகலுக்கும் இரவுக்கும் ஒன்றிரண்டு பாகைக்குமேல் மாறுவது அரிது. ஆதலின் கடல்மீனுக்கு ஒரே இரவில் பருவம் மாறுவதில்லை. கிண்ணத்தின் நிலை வேறு. ஒரு தொட்டி, கிண்ணத்தைப்போல் நீளம், அகலம், ஆழம் மூன்றிலும் பத்து மடங்கு பெரிதாயின், வெப்பம் வெளியேறும் பரப்பு 100 மடங்காகும்; நீரோ 1000 மடங்காகும். சிறு கலத்து நீர் விரைவில் குளிர்ந்து விரைவில் சூடேறுவதன் காரணம் இதுவே. சயாம் நாட்டு வயல்நீரில் வாழ்ந்து பழகிய சண்டை மீனுக்கு 24 முதல் 28 பாகை வரை இதமானது. தங்கமீன் குளிரைத் தாங்கவல்லது; ஆனால் விரைந்த மாற்றம் அதனையும் வருத்தும்.

இரக்கமுள்ள பிள்ளைகள் சிலர் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றுகின்றனர். கணக்கிட்டுப் பாருங்கள். 22 பாகையில் உள்ள இரண்டு லிட்டர் நீரில் 60 பாகை வெந்நீர் அரை லிட்டரைச் சேர்த்தால், நீரின் சூடு ஏறத்தாழ 30 பாகையாகும். நொடிப்பொழுதில் எட்டுப் பாகை ஏற்றம்! கல்பாக்கத்து அணுமின் நிலையம் 1984 முதல் கடல்நீரை எடுத்துத் தன் இயந்திரங்களைக் குளிர்வித்து, வெதுவெதுப்பான அந்நீரை மீண்டும் கடலில் விடுகிறது. அவ்வாறு விடும் நீர், எடுத்த நீரைவிட 7 பாகைக்குமேல் சூடாக இருத்தலாகாது என்பது விதி. அங்குள்ள மீன் விரும்பினால் விலகி நீந்திவிடும். அத்தகைய மீனுக்கே எல்லை வகுத்திருக்க, விலக இடமில்லாத மீனுக்கு நாம் அதனினும் மிகுந்த சூட்டைக் கருணை என்று கொடுக்கின்றோம்.

மின்விளக்கைக் கிண்ணத்தருகே எரியவிடுவதும் ஏற்றதன்று. எரியும்போது சூடு ஏறும், அணைந்ததும் இறங்கும். அன்றியும், சூடான நீரில் கரைந்துள்ள உயிர்வளி குறையும்.

கையில் கிண்ணமே உள்ளவர்கள் என்ன செய்வது? இரவில் அதனைச் சன்னலருகிலிருந்து நகர்த்துக. வெறுந்தரையில் வையாது மரப்பலகைமேல் வைத்து, சுற்றிலும் தடித்த துணியைச் சுற்றுக. வாயைக் காற்றுப்புக இடம்விட்டு மூடுக. சண்டை மீன் நீரின் மேலே வந்து காற்றையும் சுவாசிப்பதால், அங்குள்ள காற்று மிகக் குளிர்ந்திருத்தல் அதற்குத் தீங்கு. குளிர்ந்த மீனுக்குச் செரிமானம் மந்தம். ஆதலால் இரையைக் குறைக்க வேண்டும். தின்னாத இரை அழுகுமானால், குளிரைவிட அதுவே விரைவில் கொல்லும். நீர் மாற்றும்போது, முதல்நாளே அதே அறையில் பிடித்து வைத்த நீரை ஊற்றுவது நன்று.

இவையெல்லாம் ஒருவாறு காக்கும் வழிகளே. கிண்ணம் அழகாக இருக்கிறது, மேசையில் இடம் அடைப்பதில்லை என்பர். அழகு பார்ப்பவர்க்கு, இடம் மேசைக்கு. இவ்விரண்டிலும் மீனின் நலம் எங்கே? உரோம் நகரம் 2005இல் உருண்டைக் கிண்ணத்தில் மீன் வளர்ப்பதையே தடை செய்தது. நம் ஊரில் சட்டம் வரும்வரை காத்திருப்பானேன்? சென்னைக் கொளத்தூருக்கு வண்ணமீன் வாங்கப் போகிறவர்கள், இருபது இருபத்தைந்து லிட்டர் கொள்ளும் தொட்டியை முதலில் வாங்கி, நீர் நிரப்பிச் சில வாரம் பதப்படுத்திவிட்டு, பிறகு மீனுக்காக மறுமுறை போகலாம்.