இத்தாவும் பெர்மிட்டும்



தண்ணீரூற்று முஸ்லிம்கள் 1990 ஒக்டோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்டவர்கள். பலர் புத்தளப் பக்கம் முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் ஏறத்தாழ இருபது வருடம் கழித்தார்கள். அங்கே கொட்டில்களில் நடந்த குர்ஆன் மத்ரஸாவும் பெண்களின் மார்க்க வகுப்பும்தான் பலருக்கு ஊர் மாதிரி இருந்தன. 2009 இற்குப் பிறகு திரும்பியவர்கள் அந்த வழக்கத்தையும் கூடவே கொண்டு வந்தார்கள். அஸருக்குப் பின் ஒரு வீட்டு விறாந்தையில் பாய் விரித்தால் வகுப்புத் தொடங்கிவிடும்.

தொழுகை, நோன்பு, இத்தாவின் நாலு மாதம் பத்து நாள் எல்லாம் அங்கே விளக்கமாகச் சொல்லப்படுகின்றன. இத்தா முடிந்த மறுநாள் அந்தப் பெண் எதை வைத்துச் சீவிப்பது என்பது அவ்வளவு விளக்கமாகச் சொல்லப்படுவதில்லை. அதையும் கேளுங்கள். மௌலவியிடம் கேட்க வெட்கமென்றால் மௌலவியாவிடம் கேளுங்கள்.

கணவன் மௌத்தானால், பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒன்று, இல்லாவிட்டால் நாலில் ஒன்று. இது பலருக்குத் தெரியும். கொடுபடாத மஹர் கணவன் பட்ட கடன், பங்கு பிரிக்க முன்னரே அதைக் கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்பது சிலருக்குத்தான் தெரியும். கைக்கூலியும் அப்படித்தான். பெண்ணின் பாவனைக்கென மாப்பிள்ளையிடம் கொடுத்த பணம் என்றே 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அதைச் சொல்கிறது. காதி நீதிமன்றத்தில் திருப்பிக் கேட்கலாம். (கேட்கப் போகிறவளிடம், "வீட்டு மானம் என்னாவது" என்று முதலில் கேட்பவர்கள் அவளுடைய சொந்தக்காரர்கள்தான்.)

வன்னியில் இன்னொரு சிக்கல் உண்டு. பலரின் காணி உறுதிக்காணி அல்ல, பெர்மிட் காணி. அங்கே எட்டில் ஒன்று என்ற கணக்கு நடக்காது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி மனைவி தன் சீவிய காலம் வரை அந்தக் காணியை வைத்திருக்கலாம். அவளுக்குப் பிறகு, பெயர் குறிக்கப்பட்ட பின்னுரித்தாளருக்குப் போகும். யாரையும் குறிக்காவிட்டால் ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை என்றிருந்ததை 2022 திருத்தம் நீக்கியது.

ஆனால் கணவன் மௌத்தாகி ஆறு மாதத்துக்குள் மனைவி காணியைப் பொறுப்பேற்க வேண்டும். இத்தா இருந்து எழும்பினால் மிச்சம் ஐம்பது நாள்தான். அவசியத் தேவைக்குப் பகலில் வெளியே போக ஷாபிஈ மத்ஹபில் இடமுண்டு. பிரதேச செயலகத்துக்குப் போவது அவசியத் தேவையா என்பதை உங்கள் வகுப்பில் ஒருநாள் பாடமாகவே எடுக்கச் சொல்லுங்கள். போகும்போது பெர்மிட்டையும் விவாகப் பதிவின் பிரதியையும் கொண்டு போங்கள். பின்னுரித்தாளர் என்ற இடத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று அங்கேயே ஒருவரைக் கொண்டு வாசித்துப் பார்க்கலாம்.