முதலில் தேதியைப் பாருங்கள்

பெருநாளோ பள்ளி விடுமுறையோ நெருங்கினால் காயல்பட்டினத்தில் பூட்டிக் கிடந்த வீடுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். ஹாங்காங், துபாய், சென்னை என்று பிழைப்புக்குப் போன குடும்பங்கள் வந்து இறங்கி, ஒட்டடை அடித்து, மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றிவிட்டுக் கம்ப்யூட்டரை ஆன் செய்வார்கள். அன்று சாயங்காலமே எனக்குப் போன் வரும். தெருவில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் என்னைக் கூப்பிடுவது எப்படியோ வழக்கமாகிவிட்டது.

"காக்கா, நெட் இருக்கு. போன்ல எல்லாம் ஓடுது. சிஸ்டத்துல மட்டும் எதைத் திறந்தாலும் பாதுகாப்பு இல்லைன்னு வருது. வைரஸா?"

"கீழே வலது மூலையில என்ன தேதி காட்டுது?"

பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். 2016 ஜனவரி 1 என்று இருக்கும்.

மதர்போர்டின் மேல் வட்டமாக ஒரு பேட்டரி உட்கார்ந்திருக்கிறது. சி.ஆர். 2032 என்று அதில் அச்சிட்டிருக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், அதுதான் அந்த எண். மூன்று வோல்ட். கரண்ட் இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை ஓடவைப்பது இதன் வேலை. பிளக் செருகியிருக்கும்வரை, கம்ப்யூட்டர் ஆஃபில் இருந்தாலும் கடிகாரத்துக்கு மின்சாரம் சுவரிலிருந்தே வந்துவிடும், பேட்டரிக்குச் சிரமமில்லை. நம் ஊரில் வீட்டைப் பூட்டும்போது மெயினையே ஆஃப் செய்துவிட்டுப் போகிறோம். அது சரியான காரியம்தான், இடி மின்னலுக்குப் பயந்தாவது செய்ய வேண்டும். ஆனால் அந்த மாதங்கள் முழுக்கக் கடிகாரத்தின் பாரம் அந்தச் சின்ன வட்டின் தலையில். அது தீர்ந்ததும் கடிகாரம் போர்டு தயாரான காலத்தின் ஏதோ ஒரு தேதிக்குத் திரும்பிவிடுகிறது.

அதற்கும் கூகுள் வராததற்கும் என்ன சம்பந்தம்? வங்கியோ செய்தித்தாளோ, இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் தங்களை நிரூபிக்க ஒரு சான்றிதழைக் காட்டுகின்றன. எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை அது செல்லும் என்று அதிலேயே இருக்கும். பிரவுசர் அதை உங்கள் கம்ப்யூட்டரின் கடிகாரத்தோடு ஒப்பிடுகிறது. கடிகாரம் 2016 என்று சொன்னால், இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. பிரவுசர் கதவைச் சாத்துவது நியாயம். பல நேரம் 'உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது' என்று அதுவே சொல்லவும் செய்கிறது. யாரும் படிப்பதில்லை. சிலர் 'பரவாயில்லை, உள்ளே போ' என்ற பட்டனைத் தேடிப் பிடித்து அழுத்துவார்கள்; வங்கித் தளத்தில் அதைச் செய்பவரிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன்.

இந்தத் தொல்லை குறையப்போவதில்லை. 2020 செப்டம்பரிலிருந்து ஒரு சான்றிதழின் ஆயுள் அதிகபட்சம் 398 நாள் என்று இருந்தது. 2026 மார்ச் 15 முதல் அது 200 நாள். 2027 மார்ச்சில் 100, 2029 மார்ச்சில் 47 என்று இறங்கும்படி முடிவாகியிருக்கிறது. ஆயுள் குறையக் குறைய, கடிகாரம் சில வாரங்கள் பிந்தினாலே பெரும்பாலான தளங்கள் திறக்க மறுக்கும். பேட்டரி ஐம்பது ரூபாய்க்குள் எலெக்ட்ரிகல் கடையிலேயே கிடைக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழையதைக் கிளிப்பிலிருந்து நெம்பி எடுத்து, எழுத்துள்ள பக்கம் மேலே தெரிய புதியதை வைத்து, தேதியைச் சரிசெய்தால் வேலை முடிந்தது.

ஹாங்காங்கிலிருந்து வரும் லேப்டாப்பில் வேறொரு வேடிக்கை. அங்கே மணி நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. வந்ததும் யாராவது முள்ளை மட்டும் இரண்டரை மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். நேர மண்டலம் ஹாங்காங்கிலேயே நிற்கும். பார்ப்பதற்கு நேரம் சரி. உள்ளுக்குள் கம்ப்யூட்டர் உலகத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது. லாகினுக்கு முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணை அதே கம்ப்யூட்டரில் எடுப்பவர்களுக்கு எந்த எண்ணைப் போட்டாலும் தவறு என்று வரும். கொழும்புக்காரர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. 2006லிருந்து அவர்கள் நேரமும் நம் நேரமும் ஒன்று.

பிரவுசர் வாயுள்ள பிள்ளை மாதிரி. வீட்டில் எங்கே என்ன கோளாறு என்றாலும் முதலில் அழுவது அதுதான். ஆகவே எல்லோரும் அதைத்தான் அடிக்கிறார்கள். அழித்துவிட்டுத் திரும்ப இன்ஸ்டால் செய்வது, வேறு பிரவுசர் மாற்றுவது என்று ஒரு நாள் போகும். நாலைந்து பக்கங்களைச் சேர்ந்தாற்போல் திறந்தால் பாதியில் செத்துப்போகிறது, சில நாள் நீலத்திரை வருகிறது, இன்னொரு நாள் பீப் பீப் என்று கத்திவிட்டு மானிட்டரில் ஒன்றுமே வரவில்லை என்றால் ராமைத்தான் சந்தேகிக்க வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டரில் மெமரியை அதிகம் தின்பது பிரவுசர். அந்த மெமரிதான் ராம்; அதில் ஒரு மூலை பழுதானால் அங்கே போய் மோதும் வாய்ப்பும் பிரவுசருக்கே அதிகம். விண்டோஸிலேயே மெமரி சோதனை ஒன்று இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் மெமரி என்று அடித்தால் வரும். இரவு படுக்கும்போது ஓடவிடலாம்.

காயலில் ராம் கெட்டுப்போவதைவிட, ராமின் கால் கெட்டுப்போவதுதான் அதிகம். ராமை போர்டில் செருகும் பக்கத்தில் உள்ள பொன்னிறப் பற்கள் உண்மையிலேயே தங்க முலாம் பூசியவை. தங்கம் கறுக்காது என்று நகைக்கடைக்காரர் சொல்வது சரி. ஆனால் முலாமின் கனம் ஒரு மைக்ரானுக்கும் கீழே. அடியில் நிக்கலும் செம்பும். கண்ணுக்குத் தெரியாத துளை வழியே உப்பு இறங்கி அடியைத் தின்கிறது. சாதாரண உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீர்த்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே ஈரத்தை இழுக்க ஆரம்பிக்கும். மன்னார் வளைகுடாவைப் பார்த்து நிற்கும் ஊரில் காற்று அவ்வளவு காய்ந்து நான் பார்த்ததில்லை. ஆறுமுகநேரி உப்பளத்தில் வேலை செய்தவர்களிடம் கேளுங்கள், உப்பு வாரியபின் மிஞ்சும் கசப்புத் தண்ணீர் எத்தனை வெயிலடித்தாலும் முழுசாகக் காயாது என்பார்கள். அதே சரக்கின் ஒரு துளிதான் உங்கள் மதர்போர்டிலும் படிந்திருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கி, ராமைக் கழற்றி, பற்களின்மேல் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகளைத் தட்டிவிட்டு, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இருக்கிற தங்கத்தையும் சுரண்டிவிட்டு அடுத்த மழைக்காலத்தில் புது ராம் வாங்குவார்கள்.

கிழக்கே கடலென்றால் மேற்கே தேரி எனும் செம்மணல் மேடு. வைகாசி, ஆனியில் கச்சான் என்ற மேற்காற்று ஆரம்பித்தால் குதிரைமொழித் தேரிப் பக்கத்துச் செம்மண் பொடி ஜன்னல் சந்தில் கோடு போடும். அதே பொடியைக் கம்ப்யூட்டர் ஃபேன் இரவும் பகலும் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. உப்பின் ஈரத்தோடு சேர்ந்து அது அப்பிப்போகும். ஹீட்சிங்க் அடைத்தால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். வீட்டில் 'நெட் ஸ்லோ' என்பார்கள். பெயின்ட் பிரஷ் போதும். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு தட்டுங்கள்.

கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். நம் மணல் தரை கோடையில் காய்ந்துவிட்டால் எர்த் குழியும் செத்துவிடும். அந்தக் காலத்து எலெக்ட்ரீஷியன்கள் குழியில் கரியும் உப்பும் போட்டு, கோடையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னது இதற்குத்தான். ஊரில் எலெக்ட்ரானிக்ஸுக்கு உப்பு உதவி செய்யும் ஒரே இடம் அது என்று நினைக்கிறேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 18ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் இங்கே 95 சென்டிமீட்டர் மழை. மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுபோனது அந்த மழையில்தான். கேபினெட்டைத் தரையில் வைக்கும் வழக்கத்தால் எத்தனையோ கம்ப்யூட்டர்கள் மூழ்கின. கரண்ட் வந்ததும் 'ஓடுதான்னு பார்ப்போம்' என்று ஸ்விட்சைப் போட்டவர்கள்தான் அதிகம் இழந்தார்கள். தண்ணீரைவிட, தண்ணீரோடு மின்சாரம் சேர்ந்தால் செம்புத் தடங்கள் வேகமாக அரித்துப்போகும். அதனால் முதல் வேலை அந்த வட்டப் பேட்டரியைக் கழற்றுவது. பிளக் பிடுங்கியிருந்தாலும் அது போர்டுக்குள் மின்சாரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். பிறகு போர்டை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ஆமாம், கழுவத்தான் வேண்டும், கேட்பவர்கள் நம்பமாட்டார்கள். சேறும் சாக்கடையும் உப்பும் போர்டில் காய்வதுதான் ஆபத்து. டிஸ்டில்டு வாட்டரில் அலசி நிழலில் சில நாள் காயவைக்கலாம். அரிசிக்குள் புதைப்பதில் பிரயோஜனம் இல்லை, அரிசிதான் வீண். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்கவே வேண்டாம். பிளக் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். நனைந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.

ஹார்ட் டிஸ்க் வேறு விஷயம். பெரும்பாலானவற்றில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை உண்டு. அது வழியே சேற்றுத் தண்ணீர் போயிருந்தால், ஓடவிடும் அந்த முதல் விநாடியிலேயே தட்டு கீறிவிடும். உள்ளே இருப்பது வேண்டுமென்றால் ஓடவிடாமல், பிரிக்காமல், தரவு மீட்பவர்களிடம் கொண்டுபோக வேண்டும். செலவு கம்ப்யூட்டர் விலையைத் தாண்டலாம்.

போன வாரம் ஒரு மாமி கூப்பிட்டார்கள். "தம்பி, மூலையில உட்கார்ந்துகிட்டு வைரஸ் வைரஸ்னு எழுதிக்கிட்டே இருக்கு. கடையில பார்மட் போடணும்னு சொல்றாங்க." ஏதோ ஒரு சமையல் தளத்தில் 'அனுமதி' என்ற பட்டனை அழுத்தியிருக்கிறார்கள், அந்தத் தளம் அன்றிலிருந்து நோட்டிஃபிகேஷன் அனுப்பிக்கொண்டிருக்கிறது. வைரஸே இல்லை. பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பட்டியலைத் திறந்து, தெரியாத பெயர்களை நீக்கினோம். போனிலேயே சொல்லி முடித்தாயிற்று. இதற்குப் போய் பார்மட் போட்டிருந்தால் மகள் கல்யாண வீடியோ போயிருக்கும்.

எல்லாவற்றுக்கும் பார்மட் என்று சொல்லும் கடைகள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு: கோளாறு தேடும் மணி நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை, பார்மட்டுக்குத் தருகிறார்கள். ஆனால் தேதியும் ராமும் கச்சான் பொடியும் பார்மட் போட்டால் மாறாது. கடைக்குத் தூக்கும் முன் வீட்டிலேயே கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். அதே தளம் அதே வைஃபையில் போனில் வருகிறதா? வந்தால் நெட் கம்பெனியைத் திட்ட வேண்டாம். இன்காக்னிட்டோவில் திறந்தால் வருகிறதா? வந்தால் ஏதோ எக்ஸ்டென்ஷனோ பழைய குக்கியோ குறுக்கே நிற்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்; நாலையும் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாமல் போகும்.

அப்படியும் முடியவில்லை, கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுப் போங்கள். நாலு ஸ்குரூ, இரண்டு கேபிள். நம் வீடுகளில் பெண்களின் போட்டோவை வெளியாள் பார்க்கக்கூடாது என்று கம்ப்யூட்டரையே ரிப்பேருக்குக் கொடுக்காமல் மூலையில் போட்டுவைத்திருக்கிறார்கள். அந்தப் பயத்துக்கு மருந்தும் இதுதான், பார்மட்டிலிருந்து தப்பிக்கும் வழியும் இதுதான். டிஸ்க் இல்லாமல் எப்படிப் பார்ப்பது என்று கடைக்காரர் முகம் சுளிக்கலாம். அவரிடம் சோதித்துப் பார்க்க ஒரு பழைய டிஸ்க் கட்டாயம் இருக்கும். அதை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.