விழா மலரில் இல்லாத பக்கங்கள்

மீமிசலிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் எஸ்.பி.பட்டினம், அதையடுத்து ஓரியூர். அருளானந்தர் என்று நாம் அழைக்கும் ஜான் டி பிரிட்டோ 1693 பிப்ரவரி 4-இல் தலை வெட்டப்பட்ட இடம். அங்கிருந்து செம்மண்ணை முடிந்துகொண்டு வருபவர்களில் நம் மக்கள் ஏராளம். சேதுபதி, தடியத்தேவர் கதைகள் எல்லோருக்கும் தெரியும். அருளானந்தர் 'பண்டாரசாமி'யாக வந்தவர் என்பதை மட்டும் மறையுரைகளில் அதிகம் கேட்க முடிவதில்லை.

1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, உயர்சாதியினரைக் கவரச் சந்நியாசிக் கோலம் பூண்டார். அந்தக் கோலத்தில் இருப்பவர் சேரிக்குள் வர முடியாது. ஆகவே 1640 முதல் ஒடுக்கப்பட்டோரிடமும் பழகக்கூடிய பண்டாரசாமிகள் என்ற தனிப்பிரிவு உருவானது. நம் முன்னோர் பெரும்பாலும் இவர்கள் கையால்தான் திருமுழுக்குப் பெற்றனர். தீண்டாமையை எதிர்த்து வந்த ஏற்பாடல்ல இது; அதற்கு வளைந்துகொடுத்த ஏற்பாடு.

பங்குகளின் வரலாற்றைத் தேடும் இளைஞர்கள் இன்று பெருகியிருக்கிறார்கள். நல்ல செய்திதான். ஆனால் கைக்கு முதலில் கிடைப்பது ஜூபிலி விழா மலர். அதில் பங்குத்தந்தையர் பட்டியல் இருக்கும், நன்கொடையாளர் படம் இருக்கும். கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்கள் இருக்க மாட்டார்கள். ஆண்டுகளையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. நமது மாவட்டத்து ஆவூரில் முதல் கோயிலை பூஷே அடிகளார் 1547-இல் கட்டியதாகச் சுற்றுலாக் குறிப்புகள் சொல்கின்றன. பூஷே பிறந்ததே 1655-இல்! ஒருவர் எழுதியதை அடுத்தவர் பார்த்து எழுதுவதால் வரும் வினை இது.

எழுத்துச் சான்று இல்லாமல் இல்லை. கொடைக்கானல் செண்பகனூரில் உள்ள இயேசு சபை ஆவணக் காப்பகத்தில் மதுரை மறைப்பணியின் கடிதங்களும் குறிப்புகளும் உள்ளன. இராமநாதபுரம் சீமையின் ஒரு கிராமத்தில் 1980-களில் தங்கி ஆய்வு செய்த டேவிட் மாஸ், யாருக்குத் திருவிழா மரியாதை, யாருக்கு வெட்டியான் வேலை என்பதுவரை எழுதியிருக்கிறார். நீதிமன்றத்தையும் மறக்கக் கூடாது. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872-இல் சாதிக்கொரு பக்கமாகக் கட்டிய கோயிலின் நடுச்சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. உயர்சாதியார் வழக்காடித் தோற்றார்கள். அவர்கள் கோர்ட்டுக்குப் போனதால்தான் அந்தச் சுவரின் கதை இவ்வளவு விரிவாக நமக்குக் கிடைத்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பங்கிலேயே பூட்டிய பீரோவில் இருக்கிறது திருமுழுக்குப் பதிவேடு. பட்டாவும் பத்திரமும் இல்லாத குடும்பத்துக்குப் பாட்டன், பூட்டன் பெயர் எழுத்தில் கிடைக்கும் ஒரே இடம் பெரும்பாலும் அதுதான்.

இங்கேதான் சிக்கல். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியே. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் மதத் தடையை நீக்கச் சொன்னது, கிடப்பில் போனது. 2022 அக்டோபரில் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டது. நம் மாநிலத்திலோ தலித் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். கோயிலுக்குள் தலித், தாலுகா அலுவலகத்தில் தலித் அல்ல.

ஆக, வம்சத்தைச் சொல்லும் அதே வரி சாதிச் சான்றிதழைப் பறிக்கவும் பயன்படலாம். பதிவேட்டைத் திறக்கச் சொன்னால் நம் பெரியவர்களே தயங்குவது அறியாமையால் அல்ல. பேரன் பேத்தியின் கல்லூரிச் சேர்க்கையை நினைத்துத்தான்.

தேட வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தேடும் முறை முக்கியம். கல்லறைத் தோட்டத்தில் தனி வழி இருந்ததா, தேர் எந்தத் தெரு வரை வந்தது, நற்கருணைக்கு யார் கடைசியில் நின்றார்கள் என்பதை எழுபது வயதைக் கடந்தவர்களிடம் இப்போதே கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். இந்த நினைவுகளுக்குப் பதிவேடு கிடையாது. பதிவேட்டைப் பார்க்க அனுமதி கிடைத்தால் ஆண்டு, ஊர், எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். வாழும் குடும்பங்களின் பெயருள்ள பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். அந்தக் குடும்பத்தைக் கேட்காமல் மலரிலும் அச்சிட வேண்டாம்.