நிழலுருக்களின் திருச்சபை

இறைவனை வணங்குவதற்கு ஆலயம் வேண்டுமா, அன்றி உள்ளமே போதுமா என்பது பழைய கேள்வி. நம் காலத்து விஞ்ஞானம் அக்கேள்வியைப் புதியதோர் உருவில் நம்முன் கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றது. கணனித் திரையிலே கற்பனையாக எழுப்பப்பட்ட உலகங்கள் இன்று பல உள. அங்கே செல்வோர் தமக்கென ஒரு நிழலுருவைத் தெரிந்துகொண்டு, வீட்டிலிருந்தபடியே அதனை நடக்கவும் பேசவும் செய்கின்றனர். அவ்வுலகங்களிலே கடைகள் உள. களியாட்ட மண்டபங்கள் உள. கிறிஸ்தவ ஆலயங்களும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுந்து வந்திருக்கின்றன. அங்கே நடைபெறுவது வழிபாடுதானா, கூடுவோர் ஒரு சபைதானா என்பது கிறிஸ்தவர்கள் மாத்திரமன்றி, சமுதாயம் என்பது யாதெனச் சிந்திக்கும் எவரும் ஆராயத் தக்கதாகும்.

இம்முயற்சிகளுள் பெரும் பெயர் பெற்றது ‘மூடர்களின் ஆலயம்’ எனப் பொருள்படும் ‘சேர்ச் ஒவ் பூல்ஸ்’. 2004ஆம் ஆண்டு மே மாதம் 11ஆந் திகதி, பிரித்தானிய மெதடிஸ்த திருச்சபையின் ஆதரவுடன், மூன்று மாதப் பரிசோதனையாக அது ஆரம்பிக்கப்பட்டது. அந்நாளில் இலண்டன் ஆங்கிலிக்கன் பேராயராக விளங்கிய றிச்சார்ட் சார்ட்டர்ஸ் முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். ஒரு கட்டத்தில் ஒரே நாளில் 41,000 வருகைகள் பதிவாயின. வந்தவர்கள் அனைவரும் பக்தர்கள் அல்லர். சாத்தானின் பெயரைச் சூடிக்கொண்டு வந்து, பிரசங்க மேடையிலேறித் தூஷண வார்த்தைகளைக் கொட்டியோரும் இருந்தனர். ஆலயக் காவலர்கள் ஒரு விசையை அழுத்தி அத்தகையோரை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

ஆனால், அந்தக் கூச்சலுக்கிடையே வேறொன்றும் நிகழ்ந்தது. நிழலுருக்கள் முழந்தாளிட்டன, கைகளை உயர்த்தின. கர்த்தர் கற்பித்த செபத்தை ஒவ்வொருவரும் தாம் தாம் அறிந்த மொழியிலே தட்டச்சுச் செய்ய, அது பல வடிவங்களில் ஒரே திரையிலே எழுந்து சென்றது. திரையிலே முழந்தாளிடுவது வெறும் சித்திரம் என்று நாம் எளிதில் சொல்லிவிடலாம். ஆனால், அச்சித்திரத்தை இயக்கியவரின் மனம் அவ்வேளை எங்கிருந்தது என்பதை யார் அறிவார்? கல்லாற் கட்டிய கோயிலிலே முழந்தாளிட்டு நிற்போரைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாம் அன்றோ?

அதன் பின்னர், ‘செக்கண்ட் லைஃப்’ என்னும் கற்பனை உலகிலே, ‘எப்பிபனி’ என்று பெயரிட்ட தீவொன்றில், நியூசீலாந்தைச் சேர்ந்த மார்க் பிரௌன் என்பாரின் முயற்சியால் ஆங்கிலிக்கன் பேராலயம் ஒன்று எழுந்தது. மழையோ வெயிலோ இல்லாத உலகில் கூரை எதற்கு? களைப்பறியாத நிழலுருவுக்கு ஆசனம் எதற்கு? ஆயினும் கட்டியவர்கள் கூரையையும் ஆசனங்களையும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களையும் விட்டுவிடவில்லை. இத்தகைய ஐந்து சபைகளை நெடுங்காலம் ஆராய்ந்து 2017இல் நூலொன்று வெளியிட்ட ரிம் ஹச்சிங்ஸ் என்னும் அறிஞர், பழகிய வடிவங்களை நாடும் இவ்வியல்பை எடுத்துக்காட்டுகின்றார். மனிதன் எங்கே சென்றாலும் தான் விட்டுவந்த வீட்டின் வாசற்படியை நினைவிற் சுமந்துகொண்டே செல்கின்றான்.

இனி, இவற்றை எதிர்ப்போரின் வாதம் வலியது. வத்திக்கான் 2002ஆம் ஆண்டிலேயே தன் நிலையைத் தெளிவாக உரைத்தது. இணையம் நற்செய்தியை அறிவிக்கவும் மக்களை ஆலயத்தின்பால் அழைக்கவும் உதவும். ஆனால், திருவருட்சாதனங்களை இணையத்தின் வழியே வழங்குதல் இயலாது என்பதே அதன் தீர்ப்பு. அப்பமும் இரசமும் தண்ணீரும் எண்ணெயும் உடலைத் தொடவேண்டிய பொருள்கள். வசனத்தை மையமாகக் கொண்ட சபைகளுக்கோ இத்தடை அத்துணை பெரிதன்று. அமெரிக்கப் போதகர் டி. ஜே. சோட்டோ 2016இல் கற்பனை உலகிலேயே சபையொன்றைத் தொடங்கி, நனையாத நீரில் நிழலுருக்களை அமிழ்த்தி ஞானஸ்நானமும் கொடுத்தார்.

இவ்விரு சாராருக்கும் வேதாகமத்திலே ஆதாரம் உண்டு. உடலால் தூரத்தில் இருந்தும் ஆவியால் உடனிருப்பதாகச் சபைகளுக்கு எழுதியவர் பவுல். யோவானின் இரண்டாம் நிருபத்தை எழுதியவரோ, தாம் சொல்ல வேண்டியவை பல இருந்தும் அவற்றை எழுத்தில் வடிக்க விரும்பாது, நேரிற் கண்டு பேசும் நாளையே எதிர்நோக்கினார். கடிதமும் அக்காலத்தில் ஒரு கருவியே. கருவி உறவைத் தாங்கும். உறவோ கருவியைக் கடந்து நேர்முகத்தை நாடும். ‘மூடர்களின் ஆலய’த்தில் அறிமுகமானோர் பின்னர் ‘செயின்ற் பிக்சல்ஸ்’ என்னும் சபையாகத் தொடர்ந்தபோது, திரைக்கு வெளியே ஒருவரையொருவர் நேரிற் சந்திக்கவும் கூடினர் என்பது இங்கு கருதத் தக்கது.

நம் நாட்டவருக்கு இது வெறும் ஏட்டுப் பிரச்சினையன்று. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் ஆலயங்களிலே குண்டுகள் வெடித்தன. அடுத்த ஞாயிறு கத்தோலிக்க ஆலயங்களில் பொதுப் பூசை நடைபெறவில்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தமது இல்லத்துச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த பூசையை மக்கள் தொலைக்காட்சியிலே கண்டனர். மறு ஆண்டு கொள்ளைநோய் மீண்டும் ஆலயக் கதவுகளை அடைத்தது. திரை அந்நாட்களில் பேருதவி புரிந்தது. அதனை மறுத்தல் நன்றிகேடாகும். ஆயினும், பக்கத்திலிருந்து அழுபவரின் தோளைத் தொடும் ஆறுதலை அது தரவில்லை.

கற்பனை உலகச் சபைகளுக்கு மற்றோர் இடரும் உண்டு. அதனைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அவை நிற்கும் நிலம் அவற்றுக்குச் சொந்தமானதன்று. சோட்டோவின் சபை தொடங்கிய ‘ஓல்ற்ஸ்பேஸ்’ என்னும் உலகை மைக்ரோசொப்ட் கம்பனி 2017இல் வாங்கிற்று. 2023 மார்ச் 10ஆந் திகதி அதனை மூடிவிட்டது. அங்கே கூடி வந்த சபைகள் வேறிடம் தேட நேர்ந்தது. கோயிலை இடித்த அரசர்களைச் சரித்திரம் அறியும். இங்கோ இடிபாடும் எஞ்சவில்லை. கணக்கேட்டில் ஒரு வரி அடிக்கப்பட்டது, அவ்வளவே.

ஆதலால் எமது கருத்து இதுவே: நோயாற் படுக்கையிற் கிடப்பவர்க்கும், முதியோரைப் பராமரித்து வீட்டைவிட்டு அகல முடியாதவர்க்கும், பழைய சபையிலே மனம் புண்பட்டு ஒதுங்கியவர்க்கும் அந்நிழலுலகில் ஒரு கதவு திறக்குமாயின், அதனை இகழ்வதற்கு எவருக்கும் உரிமை இல்லை. படிகள் ஏற இயலாதவர்க்கு வழி அமைக்காத கல்லாலயம், நிழலாலயத்தைப் பார்த்து நகைப்பது பொருந்தாது. ஆனால், சபை என்பதற்குச் சோதனை வழிபாட்டு வேளையில் அன்று, அது முடிந்த பின்னரே வருகின்றது. இயந்திரம் நின்ற பிறகு ஒருவரையொருவர் தேடிச் செல்வோர் உளரா? படுக்கையிற் கிடப்பவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பவர் யார்? இறந்தவரைச் சுமந்து செல்லும் நால்வர் யார்? இவற்றுக்கு விடை சொல்லக்கூடிய கூட்டம் திரையிலே தொடங்கியிருப்பினும் சபையே. விடை சொல்ல இயலாதது, ஆயிரம் ஆண்டுப் பழைமையுள்ள கோபுரத்தின் கீழ்க் கூடினும், நிழலுருக்களின் கூட்டமே.