வட்டமிடுவது பருந்தா, பாறா?



இரவு உறங்குமுன் 'தபாரக்' சூரா ஓதும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. அதன் 19-ஆம் வசனம் தலைக்கு மேலே பறக்கும் பறவைகளின்பால் நம் பார்வையைத் திருப்புகிறது. அண்ணாந்து பார்க்கும் நாமோ, பெரிதாக வட்டமிடுவன அனைத்தையும் 'கழுகு' என்று ஒரே பெயரால் அழைத்துவிடுகிறோம். இது சிறிய பிழையன்று.

இஹ்ராமிலும் கொல்ல அனுமதிக்கப்பட்ட ஐந்து பிராணிகளைப் பற்றிய ஹதீஸைக் கேட்டிருப்பீர்கள். அவற்றுள் ஒன்று 'ஹிதஆ'. இதைச் சிலர் பேச்சுவாக்கில் கழுகு என்று கூறிவிட, சிறுவர்கள் எதன் மீதும் கல்லெறியத் துணிகின்றனர். ஹிதஆ என்பது பருந்து. கோழிக்குஞ்சையும் இறைச்சித் துண்டையும் காலால் பறித்துச் செல்வது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சியொன்று புகாரீயில் உண்டு: சிவப்புத் தோலணியை இறைச்சியெனக் கருதிப் பருந்து தூக்கிச் செல்ல, பழியோ ஓர் ஏழைப் பெண் மீது விழுந்தது. பிணந்தின்னியான பாறு இவ்வாறு செய்யவே இயலாது. பொருளைப் பற்றித் தூக்கும் வலு அதன் கால்களுக்கு இல்லை. அரபியில் அதற்கு 'நஸ்ர்' எனத் தனிப்பெயரே உண்டு. (நம் நாட்டில் பருந்தும் சட்டத்தால் காக்கப்பட்ட பறவைதான் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.)

வாலை முதலில் பாருங்கள். கரும்பருந்தின் வால்நுனி நடுவில் பிளந்திருக்கும்; திரும்பும்போது படகின் சுக்கான்போல் வாலைத் திருகும். வாலை முழுதும் விரித்தால் பிளவு மறைந்துவிடும். ஆகவே சற்றுப் பொறுத்துப் பார்க்க வேண்டும். செம்பருந்தின் வால்நுனியோ வளைவானது. வெண்தலையும் செந்நிற உடலும் கொண்ட முதிர்ந்த செம்பருந்தில் ஐயமில்லை. அதன் இளம்பறவை பழுப்பாயிருப்பதால், அங்கே வால்தான் சாட்சி.

பாறு வேறு வகை. பலகைபோல் அகன்ற சிறகுகள், ஆறடிக்கும் மேற்பட்ட விரிவு, நுனியில் விரல்களாய்ப் பிரிந்த இறகுகள், குட்டை வால். தலையைத் தேடித்தான் காண வேண்டும். சிறகடிப்பதோ அரிது. வெண்முதுகுப் பாறுக்குச் சிறகின் அடிப்புறம் முன்பாதி வெண்மை, பின்பாதி கருமை.

1990-களில் தொடங்கி பதினைந்தே ஆண்டுகளில் இப்பாறுகளில் நூற்றுக்கு 99-க்கு மேல் இந்தியாவில் மாண்டன. மாடுகளுக்கு வலிக்காகச் செலுத்திய டைக்ளோஃபினாக் மருந்து, இறந்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. 2023-இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியவையும். தமிழகத்தில் நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் இன்றும் எஞ்சியுள்ளன.

மாடு வளர்ப்போர், வலி மருந்து எழுதும் கால்நடை மருத்துவரிடம் 'மெலாக்சிகம்' தரலாமா என்று கேளுங்கள். அது பாறுகளுக்குத் தீங்கு செய்வதில்லை.