போஸ்டரில் ஒட்டகம் வேண்டாம், தவளம் மாடு வரட்டும்

லுணுகலை, பசறை, பிபிலைப் பக்கத்துப் பெற்றோருக்கும் நண்பர்களுக்கும்.

"பண்டைய வர்த்தகப் பாதைகளும் கலாசாரப் பரிமாற்றமும்" என்று பிள்ளைகளிடம் போஸ்டர் செய்யச் சொன்னால் என்ன வரும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். கடையில் எடுத்த கலர் பிரிண்ட். பாலைவனம், ஒட்டகம், சீனப் பெருஞ்சுவர். கீழே நாலு விதமான உடுப்பில் நாலு பேர் கைகோர்த்து நிற்பார்கள். பிரிஸ்டல் போர்டில் ஒட்டினால் புள்ளி கிடைத்துவிடும். பிள்ளையின் மனதில்தான் ஒன்றும் தங்காது.

இந்தப் போஸ்டரை நம் பாதையில் இருந்தே தொடங்க வேண்டும் என்பது ஆசிரியர்களாகிய எங்கள் கருத்து. ஊர்ப் பெயரிலேயே 'லுணு' இருக்கிறது, சிங்களத்தில் உப்பு. மலைநாட்டில் உப்பு விளையாது. கரையோரத்தில் இருந்து உப்பும் கருவாடும் பொதி மாடுகளில் மேலே ஏறின, பாக்கு கீழே இறங்கியது. அதுதான் தவளம். கண்டி இராச்சியக் காலத்தில் அந்தத் தொழிலில் முஸ்லிம்கள் முக்கிய பங்கு வகித்தார்கள். ஒட்டகத்தின் இடத்தில் அந்த மாட்டை வரையச் சொல்லுங்கள்.

அடுத்தது, காலியில் 1911இல் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. ஒரு மதகுக்கு மூடியாகக் குப்புறக் கிடந்த கல் அது. இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டு வந்தது, அதில் உள்ள ஆண்டு 1409. அவர் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். கல்லின் சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது, தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் இருந்த தென்னவரை நாயனாரைப் போற்றுகிறது, பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்தது. மூன்றிலும் பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் இருக்கிறது. யாருக்கும் கூடவோ குறையவோ இல்லாமல் அநேகமாக ஒரே மாதிரியான பட்டியல்.

அதே செங் ஹேதான் 1411 அளவில் இங்கே போர் செய்து, ஆட்சியாளர் அழகேஸ்வரரைப் பிடித்துக் கப்பலில் சீனாவுக்குக் கொண்டு போனார். அதையும் போஸ்டரில் எழுத வேண்டும். எல்லாம் அன்பும் புன்னகையுமாகவே நடந்தது என்று சொல்லிக் கொடுத்தால், நாளைக்குச் சண்டையைப் பார்க்கும் பிள்ளை படித்தது எல்லாம் பொய் என்று நினைத்துவிடும்.

அப்படியானால் இத்தனை சண்டைக்கும் நடுவில் மக்களைச் சேர்த்து வைத்தது எது? அதற்குப் பதில் நம் மாவட்டத்திலேயே கல்லில் இருக்கிறது. மஹியங்கனை சோரபொர வாவிப் பக்கத்தில் கிடைத்து, பதுளைக்குக் கொண்டு வரப்பட்ட தூண் கல்வெட்டு. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஹோபிட்டிகம என்ற சந்தையின் வியாபாரிகள், அதிகாரிகள் முறைகேடாக அறவிடுகிறார்கள் என்று மன்னரிடம் முறையிடுகிறார்கள். மன்னர் சந்தைக்குச் சட்டம் போட்டுக் கல்லில் வெட்டி வைக்கிறார். முறையில்லாத நிறை, அளவை கூடாது என்பதும் அதில் ஒன்று.

எங்கள் பார்வையில் பரிமாற்றத்தின் அடிப்படை அந்தத் தராசுதான். தராசு நேராக இருந்த இடத்துக்கு மக்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். வந்தவர்களோடு சொல்லும் சமையலும் வந்தன. பாண், அலுமாரி என்று போர்த்துக்கேயச் சொற்கள், கந்தோர் என்று ஒல்லாந்தச் சொல், நம் 'கடை' சிங்களத்தில் 'கடே' ஆனது எல்லாம் அந்தப் புழக்கத்தால்தான்.

இது பழைய கதை மட்டும் அல்ல. 2019 ஏப்ரலுக்குப் பிறகு, குற்றம் செய்யாதவர்களின் கடைகளுக்கும் போக வேண்டாம் என்று சொல்லப்பட்ட நாட்களை நாம் மறக்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு "நீங்க இந்தியாவில இருந்து வந்தவங்க" என்றும், நம் பிள்ளைக்கு "அரபு நாட்டுக்குப் போங்க" என்றும் பேச்சு விழத்தான் செய்கிறது. பாதைகளின் வரலாற்றை ஒழுங்காகப் படித்த பிள்ளை அந்தப் பேச்சுக்குக் கூனிக் குறுகாது. யாரும் ஒரு பாதையில் வந்தவர்தான் என்று அதற்குத் தெரியும்.

ஆனால் அந்தப் பிள்ளை நம்மையும் பார்த்துக் கேட்கும். மிளகும் பாக்கும் வாங்கும் நம் கடைத் தராசு நேரா? கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மாவின் கிலோவில் கழிப்பது நியாயமா? அளவில் மோசடி செய்பவர்களைப் பற்றிக் குர்ஆனில் ஒரு ஸூராவே இருக்கிறது. அதைத் தொழுகையில் ஓதிவிட்டு, கல்லாவில் மறந்துவிடக் கூடாது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். போஸ்டரை நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். வீட்டில் பழைய கொத்து, மரைக்கால், தராசுப் படிக்கல் இருந்தால் துடைத்துக் கொடுத்து விடுங்கள். மூத்தவர்களிடம் தவளக் கதை இருந்தால் பிள்ளையை உட்கார வைத்துச் சொல்லுங்கள். பொருட்களைப் படம் எடுத்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவோம், இன்ஷா அல்லாஹ்.