மணிக்கணக்கு மட்டும் விமானியை உருவாக்காது

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி பழகுகிறவரிடம், “இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே வா” என்று மட்டும் சொல்லலாம். பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும் என்று காரணத்தையும் சொல்லலாம். காரணம் தெரிந்தவர் கொல்லிமலையிலும் பத்திரமாக இறங்குவார். பல லட்சம் ரூபாய் கட்டி விமானம் ஓட்டப் பழகும் நம் பிள்ளைகளுக்கு இப்படிக் காரணம் சொல்லித் தரப்படுகிறதா?

கேள்வி வீணானதல்ல. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2025இல் விமானப் பயிற்சிப் பள்ளிகளை முதன்முறையாகத் தரம் பிரித்தபோது, ‘ஏ’ தரத்தை ஒரு பள்ளிகூட எட்டவில்லை.

வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அது அவசியம்தான். ஆனால் அந்த நேரத்தில் மாணவர் எதைப் புரிந்துகொண்டார் என்பதைப் பறப்புப் பதிவேடு சொல்லாது.

1917இல் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் விமானப் பயிற்றுநர் ராபர்ட் ஸ்மித்-பாரி, காரணம் புரியவைத்துப் பழக்க வழி கண்டார். ஆபத்தான அசைவுகளைத் தவிர்க்கச் சொல்வதே அன்றைய வழக்கம். அவரோ இரட்டைக் கட்டுப்பாடு கொண்ட விமானத்தில் மாணவரை உட்காரவைத்து, பேச்சுக்குழாய் வழியே விளக்கியபடி, சுழன்று விழும் ‘ஸ்பின்’னுக்குள் போய் மீண்டுவரப் பழக்கினார்.

அப்படிப் பழக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பின்னாளிலும் பார்த்தோம். 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447இல் 228 பேர் இறந்தார்கள். வேகமானியின் குழாயில் பனி உறைந்து அளவு குழம்பியதும், விமானி விமானத்தின் மூக்கை உயர்த்தினார். இறக்கைகள் தூக்குவிசையை இழந்தன. அதிக உயரத்தில் கைமுறையாக ஓட்டும் பயிற்சி விமானிகளுக்கு இல்லை என்பதை விசாரணை சுட்டிக்காட்டியது.

கற்பிப்பதும் தனிக்கலை என்பதற்குச் சான்று நம் தாம்பரத்திலேயே இருக்கிறது. 1948இல் அம்பாலாவில் தொடங்கிய விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி 1954 முதல் அங்கே இயங்குகிறது. தேர்ந்த விமானிகளையே மறுபடி மாணவர்களாக்கி, பிறருக்குச் சொல்லித்தரப் பழக்குகிறது.

இப்படிக் காரணம் விளக்கித் தரையில் பேசும் நேரமெல்லாம் விமானம் சும்மா நிற்கும், செலவு கூடும் என்பார்கள். ஆனால் சிமுலேட்டரிலும் கரும்பலகையிலும் தெளிந்த பாடத்துக்கு வானத்தில் எரிபொருள் எரிக்க வேண்டியதில்லை. இறங்கியதும் தன் தவறை மாணவரே விளக்கும் அரைமணி நேரம், மறுநாள் அதே தவறுக்காக இன்னொரு முறை பறப்பதைத் தவிர்க்கும்.

கோவில்பட்டி ஓடுதளத்தில் பயிற்சிப் பள்ளி அமைக்க முனைந்துள்ள தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகம் (டிட்கோ), ஓடுதள நீளத்தோடு பயிற்றுநரின் கற்பிக்கும் தகுதியையும் ஒப்பந்த நிபந்தனையாக்க வேண்டும். இயக்குநரகமும் அடுத்த தரப்பட்டியலில் அதற்குத் தனி மதிப்பெண் ஒதுக்க வேண்டும்.